பெட்டியில் நான்கு எழுத்து: நார்வேயிலிருந்து வந்த கொள்ளுத்தாத்தாவின் ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

மினசோட்டா மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூர்க்காரி. பதினோரு வருடமாக மினசோட்டாவில் இருக்கிறேன். கணவர் இந்த ஊர்க்காரர், அவருடைய அம்மா வழி நார்வே. அத்தைக்கு வருகிற மார்ச்சில் 80 வயது முடிகிறது. "என் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து கிளம்பினார் என்று மட்டும் தெரிந்தால் போதும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருவதால் தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டார் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்றார் அத்தை. கொள்ளுத்தாத்தாவை ஓலே ஆண்டர்சன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லறைக் கல்லில் பிறப்பு 1851, நார்வே என்று இருக்கிறது. 1900 அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1869-ல் வந்ததாகப் பதிவு. குடியுரிமைப் பத்திரத்தில் ஊர்ப் பெயரே இல்லை. ஸ்வீடன், நார்வே நாடுகளின் மன்னருக்கு இருந்த விசுவாசத்தைத் துறக்கிறேன் என்று மட்டும் எழுதியிருக்கிறது. அப்படியானால் அவர் ஸ்வீடன்காரரா?

இன்னொரு குழப்பம். அதே கல்லறைத் தோட்டத்தில் இரண்டு வரிசை தள்ளி அவருடைய தம்பி இருக்கிறார். கூடப் பிறந்த தம்பி, வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் கல்லில் குடும்பப் பெயர் ஹௌகன். ஒரே அப்பாவின் பிள்ளைகளுக்கு எப்படி இரண்டு குடும்பப் பெயர்?

கடைசியாக, பரணில் ஒரு மரப்பெட்டி. உருண்ட மூடி, இரும்புப் பட்டை, மங்கிப்போன சிவப்பு நீலப் பூ வேலை. முன்பக்கம் ஓ, ஏ, எஸ், ஹெச் என்று ஆங்கிலத்தில் போடுவது போன்ற நான்கு எழுத்து, பக்கத்தில் 1869. அந்த எஸ் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் மனைவியின் சின்னப் பெட்டியும் இருக்கிறது, அதில் ஐ, கே, டி.

நார்வே ஆவணத் தளத்தில் ஓலே, 1851 என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. எங்கே தொடங்குவது?

பேர்கன்வாசி:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், நோர்வேக்கு வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. பழைய கோதிக் கையெழுத்தை வாசிக்கப் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர்தான் பழக்கினார். அன்றிலிருந்து இதுதான் என்னுடைய பொழுதுபோக்கு.

உங்களுக்கு வேண்டியதில் பாதி அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. எஸ் என்பது பெயர் இல்லை, மகன் என்று பொருள். ஓலே, ஆண்டர்ஸ் மகன். சின்னப் பெட்டியில் உள்ள டி என்பது மகள். ஐ என்று தொடங்கும் பெண், கே என்று தொடங்கும் அப்பாவின் மகள். இன்கெபோர்க் அல்லது இங்ரிட், அப்பா க்னூட் என்று இருக்கலாம். அந்தக் காலப் பெட்டிகளிலும் துணிகளிலும் இப்படித்தான் எழுத்துப் போடுவார்கள்.

அதாவது குடும்பப் பெயர் என்ற ஒன்றே நாட்டுப்புறத்தில் அப்போது இல்லை. நம்முடைய இனிஷியல் மாதிரித்தான், அப்பா பெயர் ஒரு தலைமுறைக்கு மட்டும். ஓலேயின் அப்பா ஆண்டர்ஸ் என்றால் அவர் ஆண்டர்சன், ஓலேயின் மகன் ஓல்சன். அதற்குப் பிறகு வருவது குடியிருந்த பண்ணையின் பெயர். எங்களூரில் வளவுக்கு, அதாவது வீடு இருக்கிற காணிக்குப் பெயர் இருக்கும், காணி உறுதியில் (நிலப் பத்திரத்தில்) அந்தப் பெயர்தான் நிற்கும். இங்கே அந்தப் பெயர் ஆளோடும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வேறு பண்ணைக்குக் குடிபோனால் பெயரும் மாறும், அது ஒரு முகவரிதான். எல்லாரும் நிலையான குடும்பப் பெயர் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 1923-ல். அமெரிக்காவில் இறங்கியதும் ஒரு பெயர் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணன் அப்பாவின் பெயரைச் சொன்னார், தம்பி பண்ணையைச் சொன்னார். இரண்டுமே சரி. பெட்டியில் உள்ள ஹெச் அந்த ஹௌகனாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்வீடன் பயம் வேண்டாம். 1814 முதல் 1905 வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே மன்னர், எல்லா நோர்வேக்காரர் பத்திரத்திலும் அந்த வரி வரும்.

சரி, இனி கஷ்டமான பக்கம். ஹௌகன் என்றால் மேடு. மேடில்லாத பள்ளத்தாக்கு இந்த நாட்டில் கிடையாது, ஆகவே ஹௌகனும் எங்கும் இருக்கிறது. பெயரை வைத்துத் தேடினால் பிழையான குடும்பத்தில் போய் நிற்பீர்கள். முதலில் இடம் தெரிய வேண்டும், அது அமெரிக்காவில்தான் கிடைக்கும். அவர் சேர்ந்திருந்த லூத்தரன் சபையின் பதிவேட்டைக் கேளுங்கள். போதகர்களே நோர்வேக்காரர்கள் என்பதால் பல இடங்களில் பிறந்த சபையின் பெயரையும் எழுதி வைத்தார்கள். நோர்வேஜிய மொழிப் பத்திரிகைகளில் வந்த இறப்புச் செய்தியும் உதவும். அயோவாவில் டெகோரா-போஸ்டன் என்ற பத்திரிகை 1874 முதல் 1972 வரை வந்தது. இப்படியான இறப்புச் செய்திகளின் பெரிய நறுக்குத் தொகுப்பு உங்கள் மாநிலத்திலேயே, நார்த்ஃபீல்டில் செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் இருக்கிறது.

மாடிசன் வாசகி:

நான் விஸ்கான்சின். எங்கள் ஊர் மாடிசனில் நார்வேஜிய அமெரிக்க வம்சாவளி மையமும் நேசெத் நூலகமும் இருக்கின்றன. சபைப் பதிவேடுகளின் நுண்படச் சுருள்கள் அங்கே நிறைய. 1890 அமெரிக்கக் கணக்கெடுப்பைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள், 1921 தீவிபத்துக்குப் பிறகு அதில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை.

இன்னொன்று, கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துக் கல்களையும் படம் எடுங்கள். இவர்கள் தனித்தனியாக வந்து சேர்ந்தவர்கள் இல்லை, ஒரே பள்ளத்தாக்கு ஆட்கள் ஒரே இடத்தில் வந்து நிலம் பிடித்தார்கள். பிறகு அந்தந்தப் பள்ளத்தாக்கின் பெயரில் சங்கமும் வைத்தார்கள். முதல் சங்கம் வால்ட்ரெஸ்காரர்களுடையது, 1899-ல் மினியாபொலிஸில் கூடியது.

மினசோட்டா மருமகள்:

அண்ணா, தோழி, இருவருக்கும் நன்றி. சபைப் பதிவேடு கிடைத்துவிட்டது! ஓலேயின் பெயருக்கு எதிரே பிறந்த இடம் "வாங்" என்று இருக்கிறது. அவ்வளவுதான். அந்தப் பெயரை நார்வே வரைபடத்தில் போட்டால் இரண்டு இடம் காட்டுகிறது.

பேர்கன்வாசி:

இரண்டு வாங் உண்டு. ஒன்று ஹாமர் நகரத்துக்குப் பக்கத்தில், ஹெட்மார்க் பகுதியில். மற்றது வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கின் மேல் முனையில். பக்கத்துக் கல்களில் என்ன ஊர் இருக்கிறது? வால்ட்ரெஸ்காரர்கள் கூட்டமாக இருந்தால் அதையே முதலில் பாருங்கள்.

இனி டிஜிட்டலார்கிவெட். தேசிய ஆவணக்காப்பகத்தின் தளம், பணம் கட்டத் தேவையில்லை. 1865 கணக்கெடுப்பை எடுத்து, ஓலேயைத் தனியாகத் தேடாமல் அந்தச் சபையின் எல்லைக்குள் ஹௌகன் என்ற இடத்தைத் திறந்து வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஒரு விஷயம் கவனம். அந்தக் கணக்கெடுப்பில் நடக்கிற வயதைத்தான் எழுதினார்கள், முடிந்த வயதை இல்லை. 1851-ல் பிறந்தவருக்கு 15 என்று இருக்க வேண்டும், 14 என்று தேடினால் தவறவிடுவீர்கள்.

பிறகு ஞானஸ்நானப் பதிவு, அதற்குப் பிறகு திடப்படுத்தல் பதிவு, அதாவது வளர்ந்த பிள்ளை தன் விசுவாசத்தைச் சபையில் உறுதிசெய்யும் சடங்கின் பதிவு. திடப்படுத்தலில் அம்மைத் தடுப்பூசி போட்ட தேதிக்கும் ஒரு கட்டம் இருக்கும், அதையும் வாசியுங்கள். கடைசியில் சபையை விட்டு வெளியேறியவர்களின் பட்டியல். போலீஸ் வைத்திருந்த குடிபெயர்ந்தோர் பதிவேடுகளும் உண்டு, கிறிஸ்தியானியாவிலும் (இன்றைய ஒஸ்லோ) ட்ரோன்ஹைமிலும் 1867 முதல், பேர்கனில் 1874 முதல்.

ஒரு பொறி இருக்கிறது. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர் வைப்பது இங்கே வழக்கம். பேரன் என்ற நம் சொல்லே பெயரன்தானே, அதே கதை. அந்தப் பிள்ளை இறந்துபோனால் பாட்டன் பெயர் விடுபடக்கூடாது என்று அடுத்த ஆண் குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள். ஒரு ஓலே கிடைத்தவுடன் நிறுத்திவிடாதீர்கள், அடக்கப் பதிவையும் பாருங்கள்.

மினசோட்டா மருமகள்:

அண்ணா, நீங்கள் அந்தக் கடைசிப் பத்தியை எழுதாமல் இருந்திருந்தால் நான் தவறான குழந்தையைப் பிடித்திருப்பேன்.

பக்கத்துக் கல்களில் எட்டு வால்ட்ரெஸ். அந்த வாங்கையே எடுத்தேன். ஞானஸ்நானப் பதிவில் முதலில் கிடைத்த ஓலே 1849. அதே அப்பா ஆண்டர்ஸ், அதே ஹௌகன். கல்லில் 1851 என்று தவறாக வெட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பிறகு அடக்கப் பதிவைத் திறந்தால் அந்த ஓலே ஐந்து மாதத்தில் போய்விட்டது. அடுத்த ஓலே 1851 மே மாதம். அந்த இரண்டு வரியையும் வாசித்து முடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. எஸ் எது, ஹெச் எது என்று பிரித்தறிய, தெரிந்த பெயர்களைத் தாளில் எழுதி வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன்.

1865 கணக்கெடுப்பில் வீடே கண்முன் வந்துவிட்டது. ஆண்டர்ஸ், மனைவி, ஓலே 15 (நீங்கள் சொன்னது போலவே), தம்பி 12, இரண்டு தங்கைகள். ஒரு பசு, ஐந்து செம்மறி ஆடு, விதைத்த உருளைக்கிழங்கு அரைப் பீப்பாய். ஆண்டர்ஸின் தொழில் "ஹுஸ்மன்" என்று இருக்கிறது. அப்படியென்றால்? ஹௌகன் சொந்தப் பண்ணை இல்லையா?

வெளியேறியோர் பட்டியலில் 1869 ஏப்ரல், ஓலே, அமெரிக்கா. தம்பி அதில் இல்லை, பிறகு வந்திருப்பார் போல.

பேர்கன்வாசி:

மிகவும் சந்தோஷம் தங்கச்சி. ஹுஸ்மன் என்றால் பெரிய பண்ணைக்காரர் நிலத்தில் ஒரு குடிசையும் துண்டு வயலும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக அவர் வயலில் கூலிக்கோ கடமைக்கோ உழைத்தவர். சொந்தமாக ஒன்றும் இல்லை. 1860-களின் கடைசியில் விளைச்சலும் பொய்த்துப்போனது. அதே நேரம் அமெரிக்காவில் 1862 சட்டப்படி, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர். ஒரு பசு இருந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த எண் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பகுதியின் ஊர் வரலாற்றுப் புத்தகத்தைத் தேடுங்கள், இங்கே பிக்டெபோக் என்பார்கள். பண்ணை பண்ணையாகக் குடும்பங்களை எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் ஹுஸ்மன் குடிசைகளையும் சேர்த்து. மாடிசன் நூலகத்தில் இருக்கலாம்.

மாடிசன் வாசகி:

வால்ட்ரெஸ் தொகுதிகள் அலமாரியில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை போய் ஹௌகன் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

மினசோட்டா மருமகள்:

நேற்று இரவு அத்தைக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். 160 ஏக்கர் கதையை அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முதல் ஓலே ஐந்து மாதம்தான் இருந்தது என்ற வரியைத்தான் திரும்ப வாசிக்கச் சொன்னார். அவருடைய அண்ணனுக்கும் ஓலே என்றுதான் பெயர், யார் பெயர் என்று அவருக்கு இத்தனை நாள் தெரியாது.

இந்த வாரம் சின்னப் பெட்டியைத் தொடங்குகிறோம். ஐ, கே, டி.