கோல்டு ரூம் போர்டுல ‘பனி’ன்னு எழுதினா எந்தப் பனி?

வள்ளியூரான் (கேள்வி)

அண்ணாச்சிமாரே, ராதாபுரம் பக்கம் மீன், இறால் வைக்கிற சின்ன கோல்டு ரூம் ஒண்ணுக்குத் தமிழ்ல போர்டு எழுதணும். ரெண்டு அறை. ஒண்ணு 0 முதல் 4 டிகிரி, ஐஸ் போட்ட மீனுக்கு. இன்னொண்ணு மைனஸ் 18, பெட்டி கட்டின சரக்குக்கு. வேலை பாக்கிறவங்க உவரி, கூட்டப்புளி, இடிந்தகரைக்காரங்க. மெஷினோட வந்த இங்கிலீஷ் புத்தகத்தை யாரோ கம்ப்யூட்டர்ல போட்டு மாத்திக் கொடுத்திருக்காங்க. ‘பனி உருவாவதைத் தவிர்க்கவும்’, ‘பனியை அகற்றவும்’, ‘பனி இட்ட மீன்’, ‘பனிக்கடி அபாயம்’. எல்லாத்துக்கும் பனிதான். மார்கழியில புல்லுல கிடக்கிறதும் பனி, ரோட்டை மறைக்கிறதும் பனி, இங்க கம்பியில வெள்ளையா ஒட்டுறதும் பனின்னா படிக்கிற பையனுக்கு என்ன விளங்கும்? எதுக்கு எந்தச் சொல்லைப் போடலாம்?

பாளை வாத்தியார்

நம் பக்கத்தில் பனி என்றால் ஈரம். வெயில் ஏறினால் காய்ந்துவிடும். அந்தச் சொல்லையே மைனஸ் 18-க்குள் கொண்டுபோனதால் வந்த குழப்பம் இது.

புல் நுனியில் நிற்பது பனித்துளி. கண்ணை மறைப்பது மூடுபனி. காற்றில் உள்ள நீராவி தண்ணீராகாமல் நேரே வெண்துகளாகப் படிந்தால் அது உறைபனி. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதற்குப் பத்திரிகைகள் போடும் சொல். வானத்திலிருந்து பஞ்சாக விழுவது பனிப்பொழிவு. கோடை மழையோடு கல்லாக விழுவது ஆலங்கட்டி. தண்ணீர் உறைந்து கட்டியானால் பனிக்கட்டி, பேச்சில் ஐஸ். உங்கள் போர்டுக்கு இவற்றில் இரண்டு போதும்: உறைபனி, ஐஸ். ‘பனி’ என்று தனியாக எங்கும் எழுதாதீர்கள்.

‘உறை’ என்பதிலும் ஒரு கவனம் வேண்டும். பாலும் உறையும், இரத்தமும் உறையும், தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும்; மார்கழியில் சில காலைகளில் பாட்டிலோடு கட்டி தட்டி நிற்பதைப் பார்க்கலாம். ஆகவே அந்தச் சொல் மட்டும் எவ்வளவு குளிர் என்று சொல்லாது. ‘குளிர் அறை: 0 முதல் 4’, ‘உறை அறை: மைனஸ் 18’ என்று எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். எண் எழுத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

உள்ளே போகிறவர் போடும் கோட்டு பற்றிய போர்டில் ‘குளிர்காப்பு உடை அணியவும்’ என்று விறைப்பாக எழுத வேண்டாம். ‘கூதல் கோட்டு, கையுறை, பூட்ஸ் இல்லாமல் உள்ளே போகாதே’ என்றால் போதும்.

கம்ப்ரசர் கணேசன்

வாத்தியார் சொன்னதுல ‘உறைபனி’ சரி. ஆனா ‘உருவாவதைத் தவிர்க்கவும்’ங்கிற வரியையே எடுத்துருங்க. மைனஸ் 18 அறையில கூலிங் காயில், அதான் கேஸ் ஓடி அறையைக் குளிர வைக்கிற குழாய்ச் சுருள், அறையை விடவும் சில டிகிரி கூடுதல் குளிரா இருக்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளிக்காத்தோட வர்ற ஈரம் அந்தக் காயில்லதான் போய் ஒட்டும். கடக்கரை காத்துல ஈரத்துக்கா பஞ்சம்? குறைக்கலாம், அவ்வளவுதான். மெல்லிசா ஒரே சீரா வெள்ளை படிஞ்சிருந்தா அது கோளாறு இல்ல. காயில்மேல வரிசையா இருக்கிற தகடுகளுக்கு நடுவுல உள்ள சந்து அடைபட்டாத்தான் ஆபத்து. ஃபேன் சுத்தும், காத்து வராது. அறையில டிகிரி ஏறும், கம்ப்ரசர் நிக்காம ஓடும், கரண்டு பில்லு எகிறும்.

ரெண்டாவது, ‘அகற்றவும்’. இது பெரிய ஆபத்து. அப்படி எழுதினா ஒருத்தன் கத்தியோ ஸ்குரூ டிரைவரோ எடுத்துச் சுரண்டுவான். காயில்ல ஒரு ஓட்டை விழுந்தாப் போதும், கேஸ் பூரா வெளிய. ‘உறைபனியை உருக்கு, சுரண்டாதே’ன்னு எழுதுங்க.

உருக்குற முறை மெஷினுக்குள்ளயே இருக்கும். கம்ப்ரசரும் ஃபேனும் நிக்கும், ஹீட்டர் சூடாகும், உருகின தண்ணி தட்டுல விழுந்து டிரெயின் குழாய் வழியா வெளிய போகும். ஒருநாளைக்கு ரெண்டு முதல் நாலு தடவை, ஒவ்வொண்ணும் 20, 30 நிமிஷம்னு வைக்கிறது வழக்கம். முடிஞ்சதும் முதல்ல கம்ப்ரசர் மட்டும் ஓடும். காயில்ல தொங்குற துளியெல்லாம் அங்கேயே உறைஞ்ச பிறகுதான் ஃபேன் சுத்தணும். இல்லன்னா அந்தத் துளியைப் பெட்டி மேலயும் கூரையிலயும் தெளிச்சு விட்டுரும். அந்தக் கொஞ்ச நேரத்துல ‘ஃபேன் ஓடல’ன்னு பயலுக சுவிட்சைத் தட்டிராம இருக்க, ‘உருக்கல் முடிந்தபின் ஃபேன் தாமதமாகச் சுற்றும், கோளாறு அல்ல’ன்னு ஒரு வரி சேருங்க.

டிரெயின் குழாய்க்குள்ள சுத்தியிருக்கிற ஹீட்டர் வயர் செத்துப்போனா தண்ணி குழாய்க்குள்ளயே உறையும். அப்புறம் தட்டு நிறைஞ்சு தரையில வழிஞ்சு கண்ணுக்குத் தெரியாத ஐஸ் தகடு ஆகும். அதுக்கு ‘தரையில் ஐஸ், வழுக்கும்’னு தனி போர்டு.

கதவு ரப்பர் ஓரத்துல வெள்ளை பூத்திருந்தா அங்க காத்து நுழையுதுன்னு அர்த்தம். ஒரு பேப்பரைக் கதவு இடுக்குல வச்சு மூடி இழுத்துப் பாருங்க. இறுக்கமா வந்தா ரப்பர் நல்லாருக்கு, வழுக்கிட்டு வந்தா மாத்தணும்.

உவரி மீன்காரர்

‘பனி இட்ட மீன்’னு எவன் படிப்பான்? அதுக்காக ‘ஐஸ் மீன்’னும் எழுதிராதீங்க, சந்தையில அது பழைய சரக்குக்குப் பேரு. ‘மீனுக்கு ஐஸ் வைக்கவும்’னா சிரிப்பானுவ. ‘ஐஸ் போடவும்’, ‘ஐஸ் போட்ட மீன்’, இதான் சரி.

அளவையும் எழுதிருங்க: ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். கணக்குப் பாத்தா 30 டிகிரியில இருக்கிற 10 கிலோ மீனை 0-க்கு இறக்க மூணரை கிலோ ஐஸ் உருகினாப் போதும். மிச்சம் நம்ம ஊரு வெக்கைக்கும் லாரி ஓட்டத்துக்கும். பெட்டி அடியில ஐஸ், மேல மீன், திரும்ப ஐஸ், கடைசியா மேல மூடுறதும் ஐஸ். குடல் எடுத்த மீனை வயிறு கீழ பாக்க வைக்கணும், தண்ணி உள்ள தேங்காது. பார் ஐஸைப் பெருங்கட்டியா உடைச்சுப் போட்டா மீன் நசுங்கும், சந்து விழும். பொடி ஐஸ்தான் மேலோட ஒட்டிக் கிடக்கும். பெட்டி அடித் துவாரத்தை அடைக்கக் கூடாது. ரத்தத்தண்ணியில ஊறுற மீனுக்கு எவ்வளவு ஐஸ் போட்டும் வீண்.

கல்லுப்பு கலக்காதே-ன்னும் ஒரு வரி. உப்பு சேர்ந்த ஐஸ் மைனஸ் 21 வரைக்கும் இறங்கும். மீன் மேல்பக்கம் மட்டும் உறைஞ்சு சதை கெட்டுரும், போடுறவன் கையும் வெந்துரும்.

இன்னொண்ணு. ஐஸ் போட்ட மீனும் உறைய வச்ச மீனும் வேற வேற. ஐஸ் பெட்டியை அப்படியே தூக்கி மைனஸ் 18-ல வச்சா மெதுவா உறையும், சதைக்குள்ள பெரிய பெரிய ஐஸ் ஊசி விளைஞ்சு கிழிச்சுரும். வெளிய எடுத்தா தண்ணியா விட்டு மீன் சக்கையாப் போயிரும். உறைய வைக்கணும்னா மைனஸ் 35, 40-ல வேகமா உறைய வைக்கிற பிளாஸ்ட் ஃபிரீசர் வேணும். மைனஸ் 18 ஏற்கெனவே உறைஞ்சதைக் காக்குற இடம். குளிர் அறைக் கதவுல ‘ஐஸ் போட்ட மீன் இங்கே’, மத்ததுல ‘உறைந்த சரக்கு மட்டும்’.

நர்ஸ் அக்கா

‘பனிக்கடி’ன்னா கடுங்குளிர்ல விரலு, காது சதை உறைஞ்சு கெடுறது. ஆனா படிக்கிறவங்க ஏதோ பூச்சி கடிக்கும்னு நினைப்பாங்க. அறிகுறியை எழுதுங்க. விறைக்கிறது வேற, மரத்துப்போறது வேற. குளிர்ல விரல் மடங்க மறுத்தா விறைப்பு. தொட்டா உணர்ச்சியே இல்லன்னா மரத்துப்போச்சு. மரத்து, வெளுத்து, மெழுகாட்டம் ஆகிட்டா உடனே வெளிய வரணும்.

போர்டுக்கு: ‘விரல், காது, மூக்கு மரத்து வெளுத்தால் வெளியே வா. மோதிரம், ஈரத்துணியைக் கழற்று. 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வை. தேய்க்காதே. தீயில் காட்டாதே. மருத்துவமனைக்குப் போ.’ தண்ணிச் சூட்டை வேற ஆளு முழங்கையால பாக்கணும், மரத்த கைக்குச் சூடு தெரியாது, வெந்துரும். சூடேறின விரல் திரும்ப உறைஞ்சா முன்னதைவிட மோசம், அதனால அன்னைக்கு அவரை மறுபடி உள்ள விடாதீங்க.

உடம்புச் சூடு 35-க்குக் கீழ இறங்கினா வெடவெடன்னு நடுக்கம், நாக்கு குழறல், தள்ளாட்டம். நடுங்கிட்டிருந்தவர் நடுக்கம் நின்னு மயங்கின மாதிரி ஆனா தேறிட்டார்னு நினைக்காதீங்க, அது முத்தினதுக்கு அடையாளம். 108-க்குக் கூப்பிடுங்க, போர்வையில சுத்துங்க. நினைவு தெளிவா இருந்தா மட்டும் சூடா இனிப்பா ஏதாவது குடிக்கக் கொடுக்கலாம். பிராந்தி கூடவே கூடாது.

வள்ளியூரான்

எல்லாருக்கும் நன்றி. முதலுதவி போர்டை வெளிப்பக்கம் வைக்கேன். உள்பக்கம் ஒட்டுறதுக்கு லேமினேஷன் தாங்குமா?

கம்ப்ரசர் கணேசன்

தாங்காது, ஓரம் பிரிஞ்சு உரிஞ்சுரும். அலுமினியத் தகட்டுல பெயிண்ட்ல எழுதி ஸ்குரூ போடுங்க, ஃபேன் காத்து நேரா அடிக்காத இடமா. உள்ள கட்டாயம் வேண்டியது ஒரே போர்டுதான்: கதவுக்குப் பக்கத்துல ‘மாட்டிக்கொண்டால் இந்தக் கைப்பிடியைத் தள்ளு’. அந்தக் கைப்பிடியிலயும் உறைபனி ஏறிச் சிக்கும். வாரம் ஒருதடவை ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளிய நின்னு தள்ளிப் பாத்துருங்க.