பிளக் மாற்றியும் மிஸ்ஸிங் நிற்கவில்லையா? பழைய சின்ன கார்களில் நாம் பட்ட பாடு

மினி வைத்திருப்பவர்

வணக்கம் நண்பர்களே. பழைய சின்ன கார் வைத்திருக்கிற எல்லாருமே ஒரு கட்டத்தில் இங்கே வந்து நிற்கிறோம். வண்டி இழுக்காது, மிஸ்ஸிங் அடிக்கும் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் இன்ஜின் விக்கும்), பொறி விட்டுப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்கைப் புதிதாகப் போட்டும் அதே கதைதான். கோளாறு கடைசியில் எங்கே இருந்தது என்று அவரவர் எழுதினால் அடுத்தவருக்குப் பாதி அலைச்சல் மிச்சம். நானே தொடங்குகிறேன்.

என் வண்டி 998 சிசி மினி. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பொறியைப் பிரித்து அனுப்புகிற பகுதி), அதற்குள் பழைய பாயிண்ட் செட்தான் (கரண்டை வெட்டி வெட்டிப் பொறி வரவைக்கிற சின்ன சுவிட்ச்). ஐடிலிங்கில் அசையாமல் நிற்கும். ஓட்டத் தொடங்கி லேசாக மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்கும். அழுத்தி மிதித்தால் ஒழுங்காக ஓடும்! பார்த்த எல்லாரும் கார்புரேட்டரைக் கைகாட்டினார்கள். ஆனால் பெட்ரோல் போதாமல் இருந்தால் அழுத்தி மிதிக்கும்போதுதானே திணற வேண்டும்? இங்கே தலைகீழாக இருந்தது. அந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

லேசாக மிதிக்கும்போது மட்டும் நடக்கிற காரியம் ஒன்று உண்டு. கார்புரேட்டரிலிருந்து வருகிற வேக்குவம் (காற்றை உறிஞ்சுகிற இழுப்பு), டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற பாயிண்ட் தட்டைக் கொஞ்சம் திருப்பி டைமிங்கை, அதாவது பொறி விழுகிற நேரத்தை, முன்னுக்குத் தள்ளும். முழுசாக மிதித்தால் வேக்குவம் விழுந்துவிடும், தட்டு பழைய இடத்துக்கே வந்துவிடும். வேக்குவம் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்து ஓட்டையை அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். வெட்டல் அடியோடு நின்றது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியான கேப்பைத் திறந்து, பாயிண்டுக்குப் போகிற அந்தச் சின்ன வயரைப் பிடித்து இழுத்தேன். ரப்பர் மாதிரி நீண்டது. மேல் உறையில் ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே இருக்கிற செம்பு இழைகள் மட்டும் அத்தனையும் அறுந்திருந்தன. தட்டு திரும்பும்போதெல்லாம் முனைகள் விலகியிருக்கின்றன, பழைய இடத்துக்கு வந்ததும் ஒட்டியிருக்கின்றன. அந்த இடத்துக்கு மெல்லிய இழைகள் நிறைய உள்ள, நன்றாக வளைகிற வயர்தான் போட வேண்டும். கையில் கிடைத்த கெட்டி வயரைப் போட்டால் மறுபடியும் அறுந்துவிடும். தட்டுக்கு எர்த் கொடுக்கிற வயரையும் அப்படியே இழுத்துப் பாருங்கள்.

பீட்டில் வைத்திருப்பவர்

நல்ல தொடக்கம் சார். நம்ம வண்டி ஏர் கூல்டு பீட்டில். காலையில ஒரே அடியில ஸ்டார்ட் ஆகும். நல்லா சூடேறி ஓடிக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குனு நின்னுடும். கொஞ்ச நேரம் ஓரமா நிறுத்தி ஆறவிட்டா ஒண்ணும் நடக்காத மாதிரி கிளம்பும். பெட்ரோல் லைன்ல ஆவி அடைச்சுக்குதுன்னு சொல்லாத ஆளே இல்ல.

எனக்கு வழி காட்டுனது டாஷ்போர்டுல போட்டு வெச்சிருந்த ஒரு உபரி பிளக். வண்டி நின்ன உடனே, ஆற விடாம, ஒரு பிளக் வயரைக் கழற்றி அந்த உபரி பிளக்குல மாட்டி, பிளக்கோட உடம்பை இன்ஜின் இரும்புல ஒட்டி வெச்சுட்டு, செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நல்லா இருந்தா நீலமா, டிக் டிக்னு சத்தத்தோட வரணும். எனக்கு மஞ்சளா மினுக்கி மினுக்கி வந்துச்சு, அப்புறம் அதுவும் இல்ல. ஆறினதும் அதே பிளக்குல நீலப் பொறி. அப்ப பெட்ரோல் மேல பழி இல்ல, பொறிக்கு வேண்டிய பெரிய வோல்டேஜை உண்டாக்குற காயில்தான்.

மீட்டர்ல வெச்சா காயில் பிரைமரி (முதல் சுருள்) 3 ஓம் பக்கம் சரியாத்தான் காட்டுச்சு. ஆனா அது ஆறின காயில். சூட்டுல உள்ளே சுருள் விட்டுப்போறதை ஆறின பிறகு மீட்டர் எப்படிக் காட்டும்? பீட்டில்ல காயிலை ஃபேன் கூட்டு மேலேயே மாட்டியிருக்காங்க, அந்த வெக்கையிலேயே அது வாழணும். காயிலை மாத்தினேன், தொல்லை ஒழிஞ்சது. இந்தச் சோதனை பண்றவங்க பிளக்கைக் கையால பிடிக்காதீங்க. பெட்ரோல் கசியுற இடத்துக்கிட்டயும், பிளக் கழற்றின ஓட்டைக்கு நேராவும் பொறி விடாதீங்க.

சிட்ரோயன் 2சிவி வைத்திருப்பவர்

எங்கள் வண்டிக்குப் பொறியைச் சுழன்று பிரிக்கிற ரோட்டரும் இல்லை, கேப்பும் இல்லை. ஒரே காயிலிலிருந்து இரண்டு பிளக்குக்கும் ஒரே நேரத்தில் பொறி போகும். அதனால் கண்டுபிடிப்பது எளிது. ஒரு சிலிண்டர் மட்டும் படுத்துவிட்டால் அந்தப் பக்கத்து பிளக்கையும் வயரையும்தான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் பாயிண்டும், பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கிற கண்டென்சரும் இரண்டுக்கும் பொது. இரண்டும் சேர்ந்து படுத்தால் பாயிண்ட் பெட்டி பக்கம் போக வேண்டும். அது கூலிங் ஃபேனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, ஃபேனைக் கழற்றாமல் கை போகாது. ஃபேனைக் கழற்றியாயிற்று என்றால் பாயிண்ட், கண்டென்சர் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது என் வழக்கம்.

பட்டறை வைத்திருப்பவர்

தம்பிகளா, படிக்கச் சந்தோஷமா இருக்கு. பொறுமையா யோசிச்சுப் பிடிச்சிருக்கீங்க. நான் பார்த்த வரைக்கும் பிளக் தானே கெட்டுப்போறது குறைவு, வேற எங்கேயோ நடக்கிறதை அது காட்டிக்கொடுக்கும். அதனால கழற்றின பிளக்கைத் துடைக்காம, எந்த சிலிண்டர்ல இருந்து வந்துச்சோ அந்த வரிசையிலேயே அடுக்கி வைங்க. காய்ஞ்ச கரி பூத்திருந்தா பெட்ரோல் கலவை கூடுதல், இல்லேன்னா பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கோட கறுப்பா இருந்தா பிஸ்டன் ரிங், வால்வு கைடு வழியா எண்ணெய் கசியுதான்னு பாருங்க. வெளுத்துப்போய் முனையில கொப்புளம் தெரிஞ்சா கலவை குறைவு, டைமிங் முன்னால போயிருக்கு, அல்லது பிளக்கோட சூட்டு எண் (பிளக் எவ்வளவு சீக்கிரம் சூட்டை வெளியேத்தும்னு சொல்ற எண்) தப்பு. இளம் பழுப்பு இருந்தா நிம்மதி. நாலுல ஒண்ணு மட்டும் வேற நிறம்னா அந்த ஒரு சிலிண்டருக்கே உரிய கோளாறு. நாலும் ஒரே மாதிரி கெட்டிருந்தா பொதுவான இடத்துல கோளாறு.

சூட்டு எண்ணுல பல பேர் ஏமாறுறாங்க. என்ஜிகேல எண் கூடக் கூட பிளக் குளிர்ந்த வகை. சாம்பியன், போஷ்ல எண் கூடினா சூடான வகை. கம்பெனி மாத்தி வாங்கும்போது ஒப்பீட்டு அட்டவணையைப் பார்க்காம எடுக்காதீங்க. மரை நீளமும் முக்கியம். மினிக்கு 19 மி.மீ., பீட்டிலுக்கு 12.7 மி.மீ. குட்டைத் தலையில நீளப் பிளக்கை முறுக்கினா பிஸ்டன்லயே போய் இடிக்கும்.

இப்ப பாயிண்ட். நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுல ஓடும்போது நொடிக்கு 100 தடவை அது திறந்து மூடுது. அவ்வளவு உழைக்கிற பொருள் தேயாம இருக்குமா? கேம்ல (பாயிண்டைத் தள்ளித் திறக்குற சுழல் மேடு) உரசுற பாயிண்ட் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங் பின்னால போகும். அதனால எப்பவும் முதல்ல பாயிண்ட் இடைவெளி, அப்புறம்தான் டைமிங். வரிசையை மாத்திச் செஞ்சா செஞ்ச வேலை வீண். லூகாஸ் பாயிண்டுக்கு 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. முகத்துல ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடுமா உலோகம் ஏறியிருந்தா இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் தப்பாக் காட்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு ஒப்பேத்தாம புதுசு போடுங்க, கண்டென்சரையும் சோதிங்க. கண்டென்சர் போனா பாயிண்ட்ல பளிச் பளிச்னு பெரிசாப் பொறி தெரியும், பிளக்குல பொறி சவசவன்னு வரும்.

இன்னொண்ணு அழுத்திச் சொல்றேன். புதுசுன்னா நல்லதுன்னு நம்பாதீங்க. பெட்டியில இருந்து எடுத்த புது ரோட்டர், புது கண்டென்சர் அன்னைக்கே படுத்ததை நிறையப் பார்த்திருக்கேன். ஓடிக்கிட்டு இருந்த பழசைத் தூக்கிப் போடாம துணியில சுத்தி வண்டியிலேயே வைங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு பொருளை மாத்துங்க, ஓட்டிப் பாருங்க, அப்புறம் அடுத்தது. ரோட்டரைச் சோதிக்க எளிய வழி இருக்கு. பாயிண்ட் வண்டியில ரோட்டரை அதோட இடத்திலேயே விட்டுட்டு, காயில்ல இருந்து வர்ற பெரிய வயரோட முனையை ரோட்டரோட நடுப் பித்தளைக்குக் கொஞ்சம் மேல, இன்சுலேட்டட் குறடால பிடிச்சு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. பொறி பாய்ஞ்சு விழுந்தா ரோட்டர் உள்ளுக்குள்ள தண்டுக்குக் கசியுதுன்னு அர்த்தம்.

மினி வாங்கி ஓட்டிப் பழகுபவர்

எனக்கு மழையில் மட்டும்தான் பிரச்சினை அண்ணே. நனைந்த சாலையில் கொஞ்ச தூரம் போனதும் இரண்டு சிலிண்டரில் ஓடுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

மினி வைத்திருப்பவர்

அது மினியோடு பிறந்த தொல்லை தம்பி. 1959இல் வண்டி வந்தபோதே டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னால் இருந்தது. எதிரே வருகிற தண்ணீர் நேராகக் கேப்பிலும் வயரிலும் அடிக்கும். மறைப்புத் தட்டு உன் வண்டியில் இருக்கிறதா என்று முதலில் பார், பழைய வண்டிகள் பலவற்றில் யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள்.

இரவில் இருட்டான இடத்தில் பானட்டைத் திறந்து, ஐடிலிங்கில் விட்டு, ஸ்பிரே பாட்டிலால் வயர்கள் மேல் லேசாகப் பனித்தூவல் மாதிரி தண்ணீர் அடி. கசிகிற இடத்தில் நீலமாக ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையைத் தள்ளியே வை. பிறகு கேப்பின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார். பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போனால், அது கரி விழுந்த தடம். துடைத்தாலும் போகாது, கேப்பை மாற்றத்தான் வேண்டும்.

மினி வாங்கி ஓட்டிப் பழகுபவர்

பார்த்தேன். மறைப்புத் தட்டு இல்லை, கேப்பில் அந்தக் கோடும் இருக்கிறது. இரண்டையும் மாற்றுகிறேன். இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். நண்பர் ஒருவரின் பழைய காரில் செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறது. பாயிண்ட், கண்டென்சர், பிளக் எல்லாம் புதுசு.

பட்டறை வைத்திருப்பவர்

பாலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போற வோல்டேஜைக் குறைக்குற தடை) இருக்கிற வண்டியா இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு நேராக் கரண்ட் போகும், சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழியா மட்டும்தான் போகும். ரெசிஸ்டர் விட்டுப்போயிருந்தா நீ சொல்ற மாதிரியேதான் நடக்கும். இக்னிஷனைப் போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலோட பிளஸ்ல டெஸ்ட் லேம்ப் வெச்சுப் பார். எரியலைன்னா ரெசிஸ்டரோ, அதுக்குப் போற வயரோ, சாவி சுவிட்சோதான். சில வண்டியில ரெசிஸ்டர் தனிப் பீங்கான் கட்டியா இல்லாம, வயரிங்குக்குள்ளேயே தடை வயரா ஓடும், அதையும் தேடு. அதுக்காக ரெசிஸ்டரைத் தாண்டி நேர் வயர் இழுத்து நிரந்தரமா விட்டுடாதீங்க. அந்தக் காயில் 1.5 ஓம் பக்கம்தான் இருக்கும், முழு 12 வோல்ட் கொடுத்தா காயில் கொதிக்கும், புதுப் பாயிண்டும் கருகிடும்.