13-க்கு 13 ஜெயித்தும் கிடைத்தது ஆரஞ்சு பௌல்

2023-இல் நான் டலஹாசியில், ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். இரண்டாம் வருடம். அதுவரை எனக்கு ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பதுதான், பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால் தெரியாது. பத்து கஜம் நகர்த்த நாலு வாய்ப்பு என்கிற ஒரே விதியை ரூம்மேட் உப்பு டப்பா, மிளகாய்ப்பொடி டப்பாவை வைத்துச் சொல்லிக்கொடுத்தான், அதோடு மாட்டிக்கொண்டேன். அந்த சீசனின் முதல் மேட்சிலேயே எங்கள் பல்கலைக்கழக அணி லூசியானா ஸ்டேட்டை 45-24 என்று ஜெயித்தது, அப்புறம் கிளெம்சனை அவர்கள் ஊரிலேயே கூடுதல் நேரத்தில் 31-24. திங்கட்கிழமை லேபில் வேறு பேச்சே கிடையாது.

நவம்பர் 18, நார்த் அலபாமா மேட்ச். சின்ன அணிதானே என்று நண்பன் ஒருவன் போகவில்லை, அவன் டிக்கெட்டில் நான் போனேன். ஆட்டத்துக்கு முன்னால் செமினோல் பழங்குடித் தலைவர் ஓசியோலாவின் வேடத்தில் ஒருவர் குதிரையில் வந்து எரியும் ஈட்டியை மைதானத்தின் நடுவில் குத்துவார். எனக்கு ஐயனார் கோவில் ஞாபகம்தான் வந்தது. முதல் கால் பகுதியிலேயே எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ் பந்தோடு ஓடும்போது பிடித்து இழுத்தார்கள், கால் மடங்கிவிட்டது. அவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனபோது கிட்டத்தட்ட எண்பதாயிரம் பேர் உட்காரும் இடத்தில் பின் வரிசைக்காரர் பாப்கார்ன் மெல்லும் சத்தம் கேட்டது. 58-13 என்று ஜெயித்தோம். யாருக்கும் சந்தோஷமில்லை.

அடுத்த வாரம் மாற்று குவார்ட்டர்பேக்கை வைத்து ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் என்கிற இன்னொரு அணியை 24-15. அவருக்கும் தலையில் அடி. எங்கள் கான்ஃபரன்ஸான (கல்லூரி அணிகளின் குழு) ஏ.சி.சி.யின் இறுதியில் லூயிவில்லுக்கு எதிராக முதல் வருடப் பையன் பிராக் கிளெனை இறக்கினார்கள். பார்க்கச் சகிக்காத ஆட்டம், தடுப்பாட்டம்தான் காப்பாற்றியது, 16-6. ஆக 13 வெற்றி, தோல்வியே இல்லை.

மறுநாள் ஞாயிறு, ஒரே அறையில் பதினைந்து பேர் டிவி முன்னால். தேசிய சாம்பியன் பட்டத்துக்கான பிளேஆஃபில் ஆடும் நாலு அணிகளை அறிவித்தார்கள். மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், நாலாவதாக அலபாமா. நாங்கள் ஐந்தாவது. பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் ஒன்றின் தோற்காத சாம்பியனை நாலு அணி பிளேஆஃபில் சேர்க்காமல் விட்டது அதுதான் முதல் முறை. டிராவிஸ் இல்லாத அணி வேறு அணி என்றது தேர்வுக் குழு. முக்கிய ஆட்டக்காரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம் என்று விதி இருக்கிறது, சரி. ஆனால் அவர் இல்லாமல் அந்த இரண்டு மேட்சை ஜெயித்தது யாராம்? கால் இன்னும் முன்னாடியே உடைந்திருக்கலாம் என்று டிராவிஸே எழுதினார், அப்போதாவது மற்றவர்களின் ஆட்டம் கண்ணில் பட்டிருக்கும் என்று. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ராத்திரி அம்மாவிடம் போனில் புலம்பினேன். "எல்லாத்துலயும் ஜெயிச்சுட்டு ஏன்டா தோத்த மாதிரி பேசுற?" என்றார். எங்கிருந்து விளக்க?

ஆறுதல் பரிசாக ஆரஞ்சு பௌல் என்கிற, பட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு மேட்ச், எதிரணி ஜார்ஜியா. டிராஃப்ட் (தொழில்முறை அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது), வேறு கல்லூரிக்கு மாற்றம் என்று பாதிப் பேர் விளையாடவே வரவில்லை. 63-3. நான் பாதியில் டிவியை அணைத்துவிட்டேன்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் ஜார்ஜியா அணி ரசிகன். அன்றைக்கு மயாமியில் நேரில் இருந்தேன். எங்கள் கதையும் கிட்டத்தட்ட அதுதான்: தொடர்ந்து 29 மேட்ச் ஜெயித்து, முதலிடத்தில் இருந்து, அலபாமாவிடம் 27-24 தோற்ற ஒரே நாளில் ஆறாவது இடம். பாதி ஆட்டத்தில் 42-3 ஆனபோதே எனக்குக் கத்தத் தோன்றவில்லை, கையில் இருந்த நாச்சோஸைத்தான் தின்றுகொண்டிருந்தேன். வெளியே பார்க்கிங்கில் உங்கள் அணிச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் தானாக வந்து கை கொடுத்து, "இது எங்க டீமே இல்ல தம்பி" என்கிற மாதிரி ஏதோ இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார்.

*

தம்பி, பார்க்கிங்கில் அந்தப் பெரியவர் சொன்னது சரி. அடுத்த வருடமே பிளேஆஃபை 12 அணியாக்கிவிட்டார்கள். நாங்கள் அந்த வருடம் 2 வெற்றி, 10 தோல்வி.