புதுப்பிப்பு: ஆக்ஸிலரோமீட்டர் 200 ஹெர்ட்ஸைத் தாண்டாததற்குக் காரணம்

ஆண்ட்ராய்டு செயலியில் ஆக்ஸிலரோமீட்டரிடம் (ஃபோனின் முடுக்கத்தை அளக்கும் சென்சார்) 400 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 400 அளவீடுகள், கேட்டும் 200தான் வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேனே, விடை கிடைத்துவிட்டது. டார்கெட் எஸ்டிகே (செயலி எந்த ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைக்கிறது என்பதற்கான எண்) 31 அல்லது அதற்கு மேல் என்றால், ஆண்ட்ராய்டு 12 முதல் இயக்க சென்சார்களுக்கு 200 ஹெர்ட்ஸ்தான் உச்சவரம்பு. தாண்ட வேண்டுமானால், செயலியின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில் 'ஹை சாம்ப்ளிங் ரேட் சென்சார்ஸ்' அனுமதியைச் சேர்க்க வேண்டும். பயனரிடம் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவர் மைக் அணுகலை ஒட்டுமொத்தமாக அணைத்திருந்தால், அனுமதி இருந்தும் வரம்பு திரும்ப வந்துவிடும். பலரும் கவனிக்காத இடம் இது.

முதலில் சென்சாரின் 'கெட் மின் டிலே' மதிப்பை (இரு அளவீடுகளுக்கு இடையே அது தரக்கூடிய மிகக் குறைந்த இடைவெளி) பாருங்கள்: 2500 மைக்ரோசெகண்ட் அல்லது அதற்குக் குறைவு என்றால்தான் 400 ஹெர்ட்ஸ் சாத்தியம்.

இன்னொன்று: நாம் கொடுக்கும் இடைவெளி வெறும் கோரிக்கைதான். வேகத்தைக் கணக்கிட ஒவ்வொரு அளவீட்டோடும் வரும் ஈவென்ட்டிலுள்ள நானோசெகண்ட் டைம்ஸ்டாம்ப்பின் (அளந்த நேரக் குறிப்பு) வித்தியாசத்தையே எடுங்கள். சிஸ்டம் கடிகாரத்தை நம்பினால், தரவு கொத்தாக வரும்போது இடைவெளி பூஜ்யத்துக்கும் பல மில்லிசெகண்டுக்கும் தாவும், தரவைச் சீராக்கும் ஃபில்டர் குழம்பிவிடும்.