தொட்டிக்குள் திடீரென்று நத்தைகள், மருந்து போடலாமா?

கிளிநொச்சித் தொட்டி:
வணக்கம். என்னிடம் இரண்டடி மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. கப்பி மீன்கள், கொஞ்சம் செர்ரி இறால். செடிகள் வவுனியாவில் ஒரு கடையில் வாங்கியவை, ஐதரில்லா மட்டும் இரணைமடு வாய்க்காலில் இருந்து கொண்டு வந்து நட்டது. நத்தை என்று ஒன்றுமே போடவில்லை, ஆனால் இப்போது கண்ணாடி முழுக்க அரிசி அளவில் ஊர்கின்றன, மணலுக்குள் கூம்பு மாதிரி இன்னொரு வகை வேறு. இரவில் கரண்ட் போனால் கூம்பு நத்தைகள் எல்லாம் மேலே ஏறி நிற்கின்றன. செடியைத் தின்னுமா? கடையில் செப்பு கலந்த மருந்து தருகிறோம் என்கிறார்கள்.

பாசிப்பித்தன்:
மருந்து வேண்டாம். நத்தையைக் கொல்லும் அளவுக்குச் செப்பு போட்டால் இறாலும் போய்விடும். செத்த நத்தைகள் மணலுக்குள் ஒன்றாக அழுகினால் அமோனியா ஏறிக் கப்பிகளும் தப்பாது.

கூம்பு நத்தை மலேசியன் டிரம்பெட்டாக இருக்க வேண்டும். பகலில் மணலுக்குள் கிடக்கும், முட்டை இடாது, ஆண் இல்லாமலே குட்டி போடும், அதனால் செடி வேரோடு ஒன்று வந்தாலே போதும். கரண்ட் போனதும் அது ஏறுவது ஒட்சிசன் குறைவதால்தான். எங்கள் வெக்கைக்குத் தண்ணீரில் ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு, இரவில் செடிகளும் அதையே எடுக்கும், அதற்குள் காற்றுப் பம்பும் நின்றுவிடுகிறது. நத்தையை விடுங்கள், முதலில் பற்றரியில் ஓடும் பம்ப் ஒன்று வாங்குங்கள்.

கண்ணாடியில் இருப்பதை எடுத்து, ஓட்டின் கூர் மேலேயும் வாய் உங்கள் பக்கமும் இருக்கப் பிடித்துப் பாருங்கள். வாய் இடப்பக்கம் இருந்தால் பைசா (Physa) என்ற நத்தை வகை. அவை ஜெலி மாதிரி முட்டைகளை இலையின் அடியில் ஒட்டும். பெரும்பாலும் பாசியும் அழுகின இலையும்தான் சாப்பாடு, நல்ல செடிக்குப் பயமில்லை.

வவுனியா வாசி:
பயமில்லை என்று சும்மா விடவும் ஏலாது அண்ணா. கிணற்றுத் தண்ணீர் என்றால் இங்கே அநேகமாகக் கடினத் தண்ணீர், ஓடு நன்றாக வளரும், தானாகக் குறையாது. தம்பி, தீனியைக் குறையுங்கள், மிச்சத் தீனிதான் இவ்வளவு நத்தையாகிறது. இரவில் கெக்கரித் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு விடியவே தூக்கினால் அதில் கும்பலாக ஒட்டியிருக்கும்.

கிளிநொச்சித் தொட்டி:
சரி, மருந்தை விட்டுவிடுகிறேன். முட்டைகள் போகச் செடிகளை பிளீச்சில் கழுவலாமா? பிடித்ததை வாய்க்காலிலேயே விடலாம்தானே?

பாசிப்பித்தன்:
அனுபியாஸ் மாதிரித் தடித்த இலை என்றால் ஒரு பங்கு பிளீச்சுக்கு 19 பங்கு தண்ணீர், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பிறகு குளோரின் நீக்கியில் நன்றாக அலசுங்கள். ஐதரில்லா அதைத் தாங்காது. அதற்காக மினக்கெடாமல் எறிந்துவிடுங்கள், ஆனால் காயவைத்துக் குப்பையில்.

வாய்க்காலில் மட்டும் விடாதீர்கள். அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகிறது, கடைச் செடியோடு எந்த ஊர் நத்தை வந்தது என்று யார் கண்டது? நசுக்கிப் புதையுங்கள். மாடு இறங்கும் தண்ணீரில் உள்ள சில நத்தைகளில் இருந்து வரும் புழுக்கள் தோலில் கடி (அரிப்பு) உண்டாக்கும், அதனால் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.