ஏற்காட்டில் நன்றாக வந்த திராட்சை ஒயின் சேலத்தில் காடியாகிவிட்டது, எங்கே தவறினேன்?

கேள்வி: அஸ்தம்பட்டிவாசி

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் இருந்த எங்கள் பாட்டி ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிறந்ததும் ஊறுகாய் ஜாடியில் திராட்சை ஒயின் போட்டு, கிறிஸ்துமஸ் அன்று கேக்குடன் ஆளுக்கு ஒரு சிறு கோப்பை கொடுப்பார். அளவுகளை அவர் எழுதி வைக்கவில்லை, எல்லாம் கைக்கணக்கு. அவர் மறைந்த பிறகு, அந்த ஜாடியைச் சேலத்துக்கு எடுத்து வந்து, இந்த ஆண்டு நானே முயன்று பார்த்தேன்.

பன்னீர் திராட்சை 4 கிலோ, சர்க்கரை 1 கிலோ, கொதிக்க வைத்து ஆறிய நீர் 3 லிட்டர், ஒரு தேக்கரண்டி பேக்கரி ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை. திராட்சையைக் கையால் மசித்து, வாயில் மெல்லிய வேட்டித் துணியைக் கட்டி, காலையும் மாலையும் மரக்கரண்டியால் கிளறி வந்தேன். முதல் நான்கு நாட்கள் தோலெல்லாம் மேலே திரண்டு நின்றது. கிளறும்போது சோடாவைப் போலச் சீறியது. ஏழாம் நாள் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. பாட்டி எப்போதும் 21 நாள் கணக்குச் சொல்வார் என்பதால் நான் நிறுத்தாமல் கிளறிக்கொண்டே இருந்தேன். இருபதாம் நாள் துணியை அவிழ்த்தபோது பழ ஈக்கள் எழும்பின. மேலே வெண்மையாக மெல்லிய ஆடை. மூக்கைத் துளைக்கும் காடி வாடை. பாட்டி செய்ததையே செய்தும் ஏன் இப்படி ஆயிற்று?

பதில் 1: மலைமிளகு

நீங்கள் பாட்டியின் நாட்கணக்கை எடுத்துக்கொண்டீர்கள். அவர் வீட்டின் குளிர் உங்களுக்குக் கிடைக்கவில்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி வெப்பம் குறையும் என்பதால், பாட்டியின் ஜாடிக்கும் உங்கள் ஜாடிக்கும் எட்டு டிகிரியாவது வேறுபாடு இருந்திருக்கும். அந்தக் குளிரில் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்து மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். சேலத்து வெப்பத்தில் அதே வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றும்போது கரியமில வாயுவும் வெளிவருகிறது. நீங்கள் கேட்ட சீறல் அதுதான். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. பொங்கிக்கொண்டிருக்கும் வரை அது ஜாடிக்குள் போர்வையைப் போலப் படர்ந்து, வெளிக்காற்றை அண்டவிடாது. அந்த நாட்களில் கிளறுவது நல்லது. மிதக்கும் தோல் காய்ந்து பூஞ்சை பிடிக்காமல் இருக்கும், நிறமும் இறங்கும். சத்தம் அடங்கிய பிறகு அந்தப் போர்வை இல்லை. ஏழாம் நாளுக்குப் பின் நீங்கள் கிளறிய ஒவ்வொரு முறையும் காற்றைத்தான் உள்ளே ஊட்டினீர்கள். ஆல்கஹாலைக் காடியாக்கும் அசிட்டோபாக்டர் நுண்ணுயிருக்கு உயிர்வளி கட்டாயம் வேண்டும். பழ ஈக்கள் அதைக் காலிலேயே சுமந்து வரும். காடியாவது வெறும் கெட்டுப்போதல் அன்று, உயிர்களின் வேலை என்பதை 1860களிலேயே லூயி பாஸ்டர் காட்டிவிட்டார்.

உங்கள் அளவில் பிழை இல்லை. ஒரு லிட்டரில் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஏறக்குறைய ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். பழத்தின் இனிப்பையும் சேர்த்தால் உங்கள் கலவை 12, 13 சதவீதத்துக்குப் போதுமானது. கோதுமை மட்டும் தேவையில்லை. அது கலங்கலைத்தான் கூட்டும். பொங்குதல் அடங்கியதும் சாற்றை வடித்து, குறுகிய கழுத்துள்ள பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, மூடியில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, அதன் மறுமுனையை நீருள்ள டம்ளரில் அமிழ்த்தி வைத்திருக்க வேண்டும். வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. இறுக மூடிவிட்டால் பாட்டில் வெடிக்கும்; எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி அப்படித்தான் உடைந்தது.

பதில் 2: செவ்வாய்ப்பேட்டை வாசகர்

முறையைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் இங்கு யாரும் தொடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். விற்காமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டாலும் அது பொருந்தும். ஒயினும் அந்தச் சட்டத்தின் பார்வையில் மதுதான். அந்தச் சட்டத்துக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய உறவு உண்டு: சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். 1937ஆம் ஆண்டின் அந்தச் சட்டமே பல திருத்தங்களுடன் இன்றும் நடப்பில் இருக்கிறது. பாட்டியின் நினைவாக ஆசையோடு செய்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அடுத்த ஜாடியை வைப்பதற்கு முன் இதை யோசித்துப் பாருங்கள்.

அஸ்தம்பட்டிவாசி

இருவருக்கும் நன்றி. மலையின் குளிர்தான் காரணமாக இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சட்டத்தையும் இப்போதுதான் அறிகிறேன். மறுபடி ஒயின் போடப் போவதில்லை. இந்த ஆறு லிட்டரைச் சாக்கடையில் கொட்டத்தான் மனம் வரவில்லை.

பதில் 3: காடிக்காரி

கொட்ட வேண்டாம் தம்பி. பாதி வழி வந்துவிட்டது, அதை முழுக் காடியாக்கிவிடுங்கள். முதலில் மேலே இருக்கும் ஆடையைப் பாருங்கள். வெண்மையாகவும் மெல்லியதாகவும் இருந்தால் வழித்தெடுத்துவிட்டுத் தொடரலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ ரோமம் போல முளைத்திருந்தால் அது பூஞ்சை, மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

தோலையும் விதையையும் வடிகட்டுங்கள். 12 சதவீத ஆல்கஹாலில் காடி உயிர் திணறும். சம அளவு கொதித்து ஆறிய நீர் சேர்த்து ஆறு சதவீதத்துக்குக் கொண்டு வாருங்கள். வாய் அகன்ற கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில் முக்கால் பாகம் மட்டும் ஊற்றி, ஈ நுழையாதபடி துணியை நான்காக மடித்துக் கட்டி, வெயில் படாத மூலையில் வையுங்கள். செம்பு, பித்தளை, அலுமினியம் எதுவும் கூடாது. புளிப்பு அவற்றை அரிக்கும். உங்களுக்குப் பகையாக இருந்த சேலத்து வெப்பம் இந்த வேலைக்கு நல்ல துணை. ஒன்றிரண்டு மாதத்தில் நுங்கு போல வழவழப்பான ஒரு படலம் மேலே கட்டும். அதுதான் காடியின் தாய், அதைக் கலைக்காதீர்கள்.

சாராய வாடை முற்றிலும் போய், நாக்கில் தெளிந்த புளிப்பு மட்டும் நின்றதும் வடிகட்டிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்புங்கள். வெங்காயப் பச்சடிக்கும் இறைச்சி ஊற வைக்கவும் மிக நன்றாக இருக்கும். மாதக்கணக்கில் வைக்கும் ஊறுகாய்க்கு மட்டும் இதை நம்ப வேண்டாம்; அமிலத்தின் அளவை வீட்டில் உறுதியாக அறிய முடியாது. அந்தப் படலத்தை ஒரு கோப்பைக் காடியோடு தனியே எடுத்து வைத்தால், பாட்டியின் ஜாடிக்கு அடுத்த முறையும் வேலை இருக்கும்.