இடது காது மட்டும் அடைக்குது, ஸ்கூபா போனவங்க வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. போன மாசம் புதுச்சேரியில முதல் ஸ்கூபா (சிலிண்டர் மாட்டிக்கிட்டு கடலுக்குள்ள இறங்கறது). மூணு மீட்டர் இறங்கினதுமே காதுல ஊசி குத்தின மாதிரி வலி. மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதினேன். வலது காது 'டப்'புன்னு திறந்துச்சு, இடது அசையவே இல்ல. கொஞ்சம் மேல வந்து திரும்ப ஊதினதும் சரியாச்சு. அந்த சந்தோஷத்துல கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டேன். தண்ணிக்குள்ள அதுக்கு 'மேலே போகணும்'னு அர்த்தமாம்! பயிற்சியாளர் அப்படியே கூட்டிட்டு மேல வந்துட்டாரு. காசு போச்சு.

பத்து மீட்டர்லயே அழுத்தம் ரெண்டு மடங்காகும்னு படிச்சேன். இப்போ ஜனவரியில அந்தமான்ல இருக்கற ஹேவ்லாக் தீவுக்குப் போய் ஓப்பன் வாட்டர் கோர்ஸ் (ஸ்கூபாவுக்கான அடிப்படை சான்றிதழ் பயிற்சி) முடிக்க ஆசை. 18 மீட்டர் வரைக்கும் இறங்கணும். அதுல கேக்கற 200 மீட்டர் நீச்சல், 10 நிமிஷம் மிதக்கறது எல்லாம் பயமில்ல. காதுதான் கவலை.

இதே பிரச்சினை இருந்தவங்க எப்படி சமாளிச்சீங்க? வலி வர்றதுக்கு முன்னாடியே, அரை மீட்டருக்கு ஒரு தடவை ஊதணுமா? எனக்கு சைனஸ் வேற உண்டு. முதல்ல காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துடவா? அப்புறம், கடைசி டைவுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல 18 மணி நேரமாவது விடணுமே, போர்ட் பிளேர்ல அந்த ஒரு நாள் எங்க தங்கினீங்க?